ஏழு மாதமா, எட்டு மாதமா?

குறைப் பிரசவத்தைப் பற்றி நம் வீடுகளில் ஒரு சாஸ்திரம் வழங்கி வருகிறது. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை பிழைத்துவிடுமாம். எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தை தங்காதாம். இதை யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்று விசாரித்தால், "எங்கள் பாட்டி சொன்னாள்" என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும். இது நம் தேசத்துப் பாட்டிமார்களுக்கு மாத்திரமே சொந்தமான கொள்கை என்று நினைத்து யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கிரேக்க தேசத்து வைத்தியப் பிதாவாகிய ஹிப்பாக்ரடீஸின் பெயரால் வழங்கும் பழைய நூல்களிலே, ஏழு மாதக் குழந்தையைப் பற்றி ஒன்றும் எட்டு மாதக் குழந்தையைப் பற்றி ஒன்றுமாக இரண்டு சுவடிகள் இருக்கின்றன. அவையும் இதையேதான் சாதிக்கின்றன. ஆகவே, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மேல்நாட்டாரும் கீழ்நாட்டாரும் சேர்ந்தே இந்தக் கணக்கில் தவறியிருக்கிறார்கள்.

உண்மை மிகவும் சாதாரணமானது. தாயின் வயிற்றில் குழந்தை கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் அதற்கு லாபமே. ஏழைவிட எட்டு மேல். எட்டைவிட ஒன்பது மேல். கர்ப்ப காலம் 40 வாரம் என்பது கணக்கு. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதெல்லாம் குறைப் பிரசவம். 32 வாரத்துக்கு முன் பிறந்தால் அபாயம் அதிகம். 28 வாரத்துக்கும் முன் பிறந்தால் மிக மிக அதிகம். 2020-ம் வருஷத்தில் உலகத்தில் இவ்வாறு முந்திப் பிறந்த குழந்தைகள் சுமார் 1 கோடியே 34 லட்சம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணித்திருக்கிறார்கள். அவற்றுள் ஏறக்குறைய 30 லட்சம் நம் பாரத தேசத்தில் பிறந்தவை. எந்த விஷயத்திலாவது நாம் உலகத்தில் முதல் ஸ்தானம் வகிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், இந்த ஒரு ஸ்தானத்தை மட்டும் வேறு யாருக்காவது விட்டுக் கொடுத்துவிடலாம்.

அவ்விதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு முதல் கண்டம் மூச்சிலே வருகிறது. நமது சுவாசகோசத்தில் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் உண்டு. மூச்சு வெளியே போகும்போது அவை ஒட்டிக் கொள்ளாமல் இருப்பதற்காக, அவற்றின் உட்புறத்தில் ஒரு மெல்லிய வழுவழுப்பான பொருள் பூசப்பட்டிருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களிலேதான் இது வேண்டிய அளவு ஊறுகிறது. அதற்கு முன் பிறந்துவிட்ட சிசு ஒவ்வொரு மூச்சுக்கும் புதிதாக ஒரு பலூனை ஊதுவது போலப் பாடுபட வேண்டியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் களைத்துப் போகிறது. இந்தப் பொருள் குறைவதே மரணத்துக்குக் காரணம் என்பதை அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரி என்னும் பெண் வைத்தியரும் அவருடைய சகாவான ஜெர் மீட் என்பவரும் 1959-ல் எடுத்துக் காட்டினார்கள். காரணம் தெரிந்ததேயன்றிக் கைமருந்து கிடைக்கவில்லை. 1963-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முந்தி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோவுக்கும் மேல். உலகத்திலேயே அதிகாரம் மிகுந்த மனிதரின் குழந்தை, வைத்தியர்களுக்குக் குறைவில்லை, பணத்துக்குக் குறைவில்லை. இரண்டு நாள் தாண்டுவதற்குள் அது இறந்து போயிற்று. இன்றைக்கு அதே எடையுள்ள குழந்தைக்கு நம் ஜில்லா ஆஸ்பத்திரிகளிலேயே சிகிச்சை நடக்கிறது. பெரும்பாலும் பிழைத்து வீட்டுக்கும் போகிறது. 1980-ல் ஜப்பானியரான புஜிவாரா, மாட்டின் சுவாசகோசத்திலிருந்து எடுத்த அந்த வழுவழுப்பான பொருளைப் பத்துச் சிசுக்களின் மூச்சுக் குழலில் செலுத்திக் குணம் கண்டதிலிருந்து நிலைமை மாறியது.

ஆனால் அதைக் காட்டிலும் மலிவான வழி ஒன்று இருக்கிறது. அது குழந்தை பிறப்பதற்கு முன்னால் தாய்க்குப் போடும் ஊசி. நியூஜீலந்து தேசத்தில் லிக்கின்ஸ் என்ற டாக்டர் ஆடுகளை வைத்து வேறு எதையோ ஆராய்ந்து கொண்டிருந்தார். பிழைக்கவே முடியாத அளவுக்கு முந்திப் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுக் கொண்டிருந்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டார். தாம் செலுத்திய ஸ்டீராய்டு மருந்துதான் குட்டியின் சுவாசகோசத்தை முன்கூட்டியே பழுக்க வைத்திருக்கிறது என்று யூகித்தார். 1972-ல் அவரும் ஹவி என்ற டாக்டரும் தாய்மார்களிடம் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். விலை சொற்பமான அந்த மருந்து நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் கொடுக்கப்படுகிறது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு: தாய் சமயத்தில் வந்து சேரவேண்டும். மருந்து வேலை செய்வதற்கு ஒரு நாளாவது அவகாசம் இருந்தால் நல்லது. நம் வீடுகளிலோ, ஏழாம் மாதத்தில் வலி கண்டால், "சூட்டு வலிதான், சீரகக் கஷாயம் குடித்துவிட்டுப் படு" என்று சொல்லிவிடுவது வழக்கம். சீரகத்தின்மீது நமக்கு விரோதம் கிடையாது. கஷாயத்தை ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியிலேயே குடித்துக் கொள்ளலாம் என்பது மட்டும் நம்முடைய அபிப்பிராயம்.

இனி, இந்த வாரம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். அது கண்களைப் பற்றியது.

1942-ம் வருஷத்தில் பாஸ்டன் நகரத்துக் கண் வைத்தியர் டெரி என்பவர் ஒரு புதிய வியாதியைப் பற்றி எழுதினார். முந்திப் பிறந்து பிழைத்த சில குழந்தைகளின் கண்மணிக்குப் பின்னால் வெள்ளைத் திரை போல ஒன்று படர்ந்திருந்தது. அவை முற்றும் குருடாகியிருந்தன. அடுத்த பத்து வருஷங்களில் இந்த வியாதி பெருகிற்று. எங்கே பெருகிற்று? ஏழை எளியவர்களின் ஆஸ்பத்திரியில் அல்ல; நல்ல வசதியுள்ள, புதுமாதிரி யந்திரங்கள் நிறைந்த ஆஸ்பத்திரிகளில்தான். வைட்டமின் குறைவோ, வெளிச்சத்தின் உறுத்தலோ, வேறு விஷமோ என்று வைத்தியர்கள் மண்டையை உடைத்துக் கொண்டார்கள். 1951-ல் மெல்போர்ன் நகரத்தில் கேட் காம்பெல் என்னும் அம்மையார், பிராணவாயு தாராளமாகக் கிடைத்த குழந்தைகளுக்கே இந்தக் குருடு வருகிறது என்று எடுத்துச் சொன்னார். பின்னர் அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 1953-லும் 1954-லும் நடத்திய பரீட்சையில் அவர் சொன்னது ஊர்ஜிதமாயிற்று. உயிரைக் காப்பதற்காகக் கொடுத்த பிராணவாயுவே கண்ணைப் பறித்திருந்தது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள்.

இது எப்படி நேர்கிறது? விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கோலத்தில் கோடு இழுப்பது போல, மெல்ல மெல்ல வளர்ந்து வருகின்றன. நாலாம் மாதத்தில் ஆரம்பிக்கும் வேலை, பிறக்கும் சமயத்தில்தான் முடிகிறது. முந்திப் பிறந்த குழந்தைக்குக் கோலம் பாதியில் நிற்கிறது. அளவுக்கு மிஞ்சிய பிராணவாயு சேர்ந்தால், இனிக் குழாய் வேண்டியதில்லை என்பது போல வளர்ச்சி ஓய்ந்து போகிறது. சில வாரம் கழித்து ஓரத்துத் திரை ரத்தமின்றிப் பசியால் கூக்குரலிடுகிறது. அந்தக் குரலுக்குப் பதிலாகத் தாறுமாறான புதுக் குழாய்கள் முளைத்து, கசிந்து, தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடுகின்றன.

அப்படியானால் பிராணவாயுவைக் குறைத்துவிட்டால் தீர்ந்ததல்லவா என்று நேயர்கள் கேட்கலாம். மேல்நாட்டு வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், குறைத்தார்கள். குருடு குறைந்தது, சாவு அதிகமாயிற்று. குருடாகாமல் தப்பிய குழந்தை ஒன்றுக்கு 16 குழந்தைகள் உயிரையே இழந்திருக்கலாம் என்று ஓர் ஆங்கிலேய வைத்தியர் 1973-ல் மதிப்பிட்டார். மருத்துவ சரித்திரத்தில் இதைவிடத் துயரமான கணக்கு அதிகம் இராது. இப்போது ஒவ்வொரு குழந்தையின் காலிலும் கையிலும் ஒரு சிறு விளக்கைக் கட்டி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அளந்து கொண்டே இருக்கிறார்கள். நூற்றுக்கு 90-க்கும் 95-க்கும் நடுவில் அந்த முள் நிற்க வேண்டும். கூடினால் கண்ணுக்கு ஆபத்து. குறைந்தால் உயிருக்கு ஆபத்து.

நம் தேசத்தின் கதை இங்கேதான் வந்து சேருகிறது. 1940-களில் மேல்நாட்டுக் குழந்தைகள் குருடானபோது நம் குழந்தைகளுக்கு அந்த வியாதி இல்லை. அவ்வளவு முந்திப் பிறந்தவை நம்மிடம் பிழைக்கவேயில்லை. அதனாலேதான் கண்ணும் தப்பிற்று. 2003-ம் வருஷத்தில் வங்காளத்தில் புருலியா என்ற பின்தங்கிய ஜில்லாவின் ஆஸ்பத்திரியில் பச்சிளங் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. அதைப் பின்பற்றி தேசமெங்கும் ஜில்லாதோறும் அத்தகைய பிரிவுகள் ஏற்பட்டன. இது சுதந்திர பாரதம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக் கொள்ளக்கூடிய காரியம். ஆனால் உயிர் பிழைக்கத் தொடங்கியதும், 1940-களின் வியாதி நம் வாசலுக்கு வந்துவிட்டது. அதிலும் ஒரு விபரீதம்: மேல்நாடுகளில் இன்று 1 கிலோவுக்கும் குறைவான மிகச் சிறு சிசுக்களுக்கே இது கடுமையாக வருகிறது. நம் நாட்டிலோ ஒன்றரைக் கிலோ, சில சமயம் அதற்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கும் வருகிறது. பிராணவாயுவைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கருவியும், அளந்து பார்க்க ஆளும் எல்லா இடத்திலும் போதுமானபடி இல்லாததே இதற்கு ஒரு காரணம். 2010-ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 20,000 குழந்தைகள் இவ்வியாதியால் குருடாகவோ, கடுமையாகப் பார்வை குன்றியோ போயினர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது.

இதில் நம்மைத் தூங்கவிடாத சங்கதி யாதெனில், இந்தக் குருடு பெரும்பாலும் தடுக்கக் கூடியது என்பதே. சமயத்தில் கண்டுபிடித்தால், லேசர் ஒளியைப் பாய்ச்சியோ, கண்ணில் ஊசி மூலம் மருந்து செலுத்தியோ பார்வையைக் காப்பாற்றிவிடலாம். சமயம் என்பது மிகவும் குறுகியது. 2 கிலோவுக்குக் குறைந்த எடையோடு அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. 28 வாரத்துக்கு முன் பிறந்ததற்கோ, 1,200 கிராமுக்குக் குறைந்ததற்கோ இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். நோய் முற்றியிருக்கிறது என்று தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் சிகிச்சை. வெளியிலே கண் சிவக்காது, பீளை தள்ளாது, குழந்தை அழாது. பெற்றவர்களுக்குத் தெரிகிற அடையாளம் கண்மணி வெளுப்பதுதான். அது தெரிகிறபோது காரியம் கைமீறிப் போயிருக்கும்.

முப்பது நாள் என்பது நம் குடும்பங்களில் எப்படிப்பட்ட காலம் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கும். தாயார் பிறந்தகத்தில் இருப்பாள். "இத்தனூண்டு குழந்தையை வெளியில் எடுத்துப் போகக் கூடாது, காற்றுப் பட்டுவிடும், கண்பட்டுவிடும்" என்று வீட்டிலே கட்டுப்பாடு. கண்பட்டுவிடும் என்று பயந்து, கண்ணைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்! ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் தேதி எழுதியிருக்கும். அந்தச் சீட்டு பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக இருக்கும். கன்னட நாட்டில் பெங்களூரைச் சேர்ந்த நாராயண நேத்ராலயம் என்ற கண் ஆஸ்பத்திரியார் இந்தக் கஷ்டத்தை உணர்ந்து 2008-ம் வருஷத்தில் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். பழக்கப்பட்ட ஊழியர்கள் ஒரு விசேஷக் காமிராவை வண்டியில் எடுத்துக்கொண்டு ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறார்கள். குழந்தையின் விழித்திரையைப் படம் பிடித்து அனுப்ப, நகரத்திலிருக்கும் வைத்தியர் பார்த்து முடிவு சொல்கிறார். குழந்தை வைத்தியரைத் தேடிப் போவதற்குப் பதிலாக வைத்தியரின் கண் குழந்தையைத் தேடி வருகிறது. எல்லா ஜில்லாக்களுக்கும் இது பரவ வேண்டும்.

கண் தப்பிற்று என்றே வைத்துக்கொள்வோம். பிறகு என்ன?

நமக்குப் பழக்கமான ஒரு வீட்டில் சென்ற வருஷம் ஒரு பெண் குழந்தை 30-வது வாரத்திலேயே பிறந்துவிட்டது. எட்டு மாதம் ஆயிற்று, குழந்தை உட்காரவில்லை. எதிர் வீட்டில் அதே வாரத்தில் பிறந்த பையனோ உட்கார்ந்து கொண்டு, கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் போட்டுக் கொண்டிருந்தான். பாட்டியம்மாள் தினம் ஒரு முறை எதிர் வீட்டைப் பார்ப்பாள். ஒரு பெருமூச்சு விடுவாள். மருமகள் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக் கொள்வாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் ஒரு காகிதத்தை எடுத்துக் கழித்தல் கணக்குப் போட்டாள். பத்து வாரம் முந்திப் பிறந்த குழந்தை. ஆகையால் எட்டு மாதத்திலிருந்து பத்து வாரத்தைக் கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அதற்கு வயது ஐந்தே முக்கால் மாதந்தான். ஐந்தே முக்கால் மாதத்துக் குழந்தை தானாக உட்காராததில் என்ன அதிசயம்?

இதைத் திருத்திய வயது என்கிறார்கள். தலை நிற்பது, குப்புறுவது, உட்காருவது, நடப்பது, பேசுவது ஆகிய எல்லாவற்றையும் இரண்டு வயது வரையில் இந்தக் கணக்கின்படியே பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மாத்திரம், வைத்தியர் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, பிறந்த தேதிக் கணக்குத்தான். இந்தக் கழித்தல் தெரியாத வீட்டில் தேவையில்லாத கண்ணீர். ஆனால் கழித்தல் தெரிந்துகொண்டு அதையே சாக்காக வைத்துச் சும்மா இருந்துவிடுகிற வீட்டில் அதைவிடப் பெரிய நஷ்டம். திருத்திய வயதிலும் பின்தங்குகிற குழந்தையை உடனே காட்டியாக வேண்டும். முந்திப் பிறந்த சிசுவின் மூளைக்குள் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சில சமயம் உடைந்து கசிகின்றன. கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புப் பாதை பழுதாகலாம். கால் விறைத்து, கத்தரிக்கோல் போலப் பின்னிக் கொள்ளும். காது கேளாமையும் வரலாம். அதற்கும் பரிசோதனை உண்டு. சீக்கிரம் தெரிந்தால் பயிற்சியால் சாதிக்கக் கூடியது அதிகம். 2013-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இதற்கென்றே ஜில்லா மையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. அங்கே கட்டணம் இல்லை.

"நியூட்டன் கூடக் குறைமாதத்தில் பிறந்தவராமே!" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். பிறந்தபோது ஒரு குவளைக்குள் அடங்கிவிடும்படி இருந்ததாக நியூட்டன் தாமே சொன்னதுண்டு. ஆனால் குவளைக்குள் அடங்கிய குழந்தைகளெல்லாம் நியூட்டனாவதில்லை. பெரும்பாலோர் அக்காலத்தில் குவளையைத் தாண்டவேயில்லை. ஆறுதலுக்கு நார்வே தேசத்தாரின் ஜாப்தாவைப் பார்ப்பது மேல். 1967 முதல் 1983 வரையில் பிறந்தவர்களைப் பெரியவர்களாகும் மட்டும் தொடர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். நிறைமாதத்தில் பிறந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மூளை வாதம் கண்டது. 23-லிருந்து 27 வாரத்துக்குள் பிறந்து பிழைத்தவர்களிலோ நூற்றுக்கு 9 பேருக்குக் கண்டது. பயங்கரமான வித்தியாசந்தான். ஆயினும், அத்தனை முந்திப் பிறந்தும் நூற்றுக்கு 91 பேருக்கு அது வரவில்லை என்பதும் அதே ஜாப்தாவில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பருவத்தில் சிலருக்குக் கணக்கு வராது; சிலருக்குக் கவனம் ஒரு நிலையில் நில்லாது. வாத்தியார் அதை முரட்டுத்தனம் என்று நினைத்துப் பிரம்பை எடுப்பதற்கு முன்னால், பிறந்த வாரத்தைப் பெற்றோர் அவரிடம் சொல்லிவைப்பது உசிதம்.

குழந்தையைச் சூட்டோடு வைத்திருப்பதைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. 1880-ம் வருஷ வாக்கில் பாரிஸ் நகரத்து டார்னியே என்ற வைத்தியர் மிருகக்காட்சி சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, சிசுக்களுக்கும் அப்படி ஒன்று செய்யச் சொன்னார். இன்குபேட்டர் பிறந்த கதை அது. 1978-ல் தென்னமெரிக்காவில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் பெட்டி போதாமல், ஒரு பெட்டிக்குள் இரண்டு மூன்று சிசுக்களைப் போட்டுத் தொற்று நோயால் இழந்து கொண்டிருந்தார்கள். டாக்டர் ரேய் என்பவர் வேறு வழியின்றி, குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி நிமிர்த்திக் கட்டிவிடச் சொன்னார். வறுமையில் பிறந்த இந்த உபாயந்தான் கங்காரு முறை. இந்தியா உள்பட ஐந்து தேசங்களில் 1,800 கிராமுக்குக் குறைந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த பரீட்சையின் முடிவு 2021-ல் வெளியாயிற்று. உடம்பு தேறிய பிறகு கட்டியவர்களிடம் நூற்றுக்குப் பதினாறு பேர் வீதம் இறந்தார்கள். பிறந்த உடனேயே கட்டியவர்களிடம் பன்னிரண்டு பேர். பொகோட்டாவில் அவ்விதம் வளர்ந்தவர்களை இருபது வருஷம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்ததில், அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதும் குறைவு, முரட்டுச் சுபாவமும் குறைவு என்று தெரிந்தது. தாய்க்குக் களைப்பாயிருந்தால் தகப்பனார் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிக் கொள்ளலாம். கோடை காலத்தில் சட்டையில்லாமல் திண்ணையில் உட்காருவதற்கு நம் புருஷர்களுக்கு இதைக் காட்டிலும் கௌரவமான காரணம் கிடைக்காது.

மேலே சொன்ன வீட்டுக் குழந்தை பதினைந்தாம் மாதத்தில் நடக்கத் தொடங்கிற்று. பாட்டியம்மாள் இப்போது கழித்தலில் நிபுணியாகிவிட்டாள்; எதிர் வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்கிறாள். ஆண்டு நிறைவைப் பிறந்த தேதியில் செய்வதா, பிறந்திருக்க வேண்டிய தேதியில் செய்வதா என்ற விவாதம் கிளம்பியபோது, இரண்டு நாளும் பாயசம் வைத்தாகிவிட்டது.